பரண்ல கெடந்த ரிவால்வரும் மாப்பிள்ளையோட லூகரும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய பட்டாளத்து பிஸ்டல், போலீஸ் பிஸ்டல் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனதுக்கு இம்புட்டு கடுதாசி வரும்னு நெனைக்கவே இல்ல, அதுல பாதி பேரு கேக்குறது ஒரே கேள்வி, என்ன விலைக்குப் போகும். நான் வக்கீல் கிடையாது, மதுரைல ஒரு துப்பாக்கிக் கடைல 28 வருஷம் கவுண்டர்லயும் பின்னாடி ரிப்பேர் டேபிள்லயும் உக்காந்தவன், அவ்வளவுதான். சட்டம் பத்தி சொல்றத கடைல வச்சுப் பழகுன அனுபவமா எடுத்துக்கங்க, கேஸ் கீஸ்னா நல்ல வக்கீலப் பாருங்க.

திருமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் (பேர் வேண்டாம்னுட்டார்):
எங்க தாத்தா ரெண்டாம் உலகப்போர்ல பர்மா வரைக்கும் போயிட்டு வந்தவர், 1983ல தவறிட்டார். வீட்ட இடிச்சுக் கட்டுறதுக்காக பரண காலி பண்ணுனப்ப தகரப் பெட்டில காக்கித் துணி சுத்தி ஒரு ரிவால்வர் இருந்துச்சு. வலது பக்கம் கிரீடம், கீழ என்ஃபீல்டு, நம்பர் 2, எம்.கே. 1, பக்கத்துல ஒரு நட்சத்திரம், 1941னு இங்கிலீஷ்ல இருக்கு. கூட அஞ்சு தோட்டா. பேப்பர் எதுவும் இல்ல. ஃபோட்டோ வச்சிருக்கேன். எவ்வளவு தேறும்?

தம்பி, விலைய முதல்லயே சொல்லிடுறேன், சைபர். கோவிச்சுக்காதீங்க, மீதியையும் படிங்க.

உங்க கைல இருக்கிறது பிரிட்டிஷ் பட்டாளத்தோட .38 ரிவால்வர் (இந்தப் புள்ளி எண்ணெல்லாம் குழாயோட உள் அகலத்த இன்ச்ல சொல்ற கணக்கு). முதல் உலகப்போர்ல அவங்க வச்சிருந்தது .455 வெப்ளி, அது ஒரு கிலோவுக்கு மேல கனம், புதுசா சேந்த பசங்களுக்கு அத வச்சு குறி பழக்குறதே பெரும்பாடா இருக்குன்னு சின்னதா ஒண்ணு வேணும்னு யோசிச்சு 1932ல எடுத்துக்கிட்டதுதான் இந்த என்ஃபீல்டு நம்பர் 2. அந்த நட்சத்திரம் இருக்கு பாருங்க, அது அழகுக்குப் போட்டது இல்ல. ஃபோட்டோல குதிரையப் பாருங்க, அதாவது பின்னாடி கட்டைவிரல் வச்சு இழுக்குற ஹேமர், அதுல விரல் வைக்க மேடே இல்லாம மழுங்க வெட்டியிருக்கும். உடைஞ்சு போச்சோன்னு நெனைச்சிருப்பீங்க. உடையல, 1938ல வந்த மாடலே அப்படித்தான், டாங்கிக்குள்ள ஏறி எறங்கும்போது அந்த மேடு அங்கிட்டு இங்கிட்டு மாட்டுதுன்னு எடுத்துட்டாங்கன்னு சொல்வாங்க. அந்த மாத்தத்துக்கு அடையாளந்தான் நட்சத்திரம். அதனால ட்ரிக்கர முழுசா இழுத்துத்தான் சுட முடியும், ரொம்ப கனமான இழுவை, எங்க கடைக்கு ஒரு தடவை ஒரு ஆபீசர் கொண்டு வந்தத தொட்டுப் பாத்திருக்கேன், கிணத்துல ராட்டினம் இழுக்குற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. ஃபிரேம்ல கோழிக்கால் தடம் மாதிரி மூணு கோடு குத்தியிருக்கு பாருங்க. அது பிரிட்டிஷ் சர்க்கார் சொத்துன்னு அர்த்தம். இந்திய சர்க்கார் சொத்தா இருந்தா அந்தக் கோழிக்காலோட ஒரு ஐ எழுத்தும் சேந்திருக்கும். சர்க்காரே வேண்டாம்னு கழிச்சு வித்துட்டா ரெண்டு கோழிக்கால் மூக்கோட மூக்கு முட்டுற மாதிரி எதிரெதிரா குத்துவாங்க. உங்க ஃபோட்டோல ஒரு பக்கம்தான் தெரியுது, அதுல முட்டுற குறி இல்ல. தாத்தா எடுத்துட்டு வந்துட்டார்னு நான் சொல்லல, போர் முடிஞ்ச நேரத்துல என்னென்னமோ நடந்திருக்கும், ஆனா முறையா வெளிய வந்த சரக்குக்கு இருக்குற முத்திரை இதுல தெரியலங்கிறத மட்டும் சொல்றேன்.

இப்ப சட்டம். நம்ம ஆயுதச் சட்டம் 1959ல வந்தது. அதுக்குக் கீழ உள்ள விதில .380, .455 ரிம் தோட்டா, சர்வீஸ் 9 எம்எம் போட்டு சுட முடியிற எந்த பிஸ்டலும் ரிவால்வரும் தடை செஞ்ச வகை, கடைல நாங்க புரொஹிபிடட் போர்ம்போம், உங்க .38 சுடுறதும் அந்த .380 தோட்டாதான். அதுக்கு லைசன்ஸ் டெல்லிலதான் குடுக்கணும், கலெக்டர் குடுக்க முடியாது. லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், 14 வரைக்கும் போகும். துரு ஏறியிருக்கு, சுடாதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, அஞ்சு தோட்டாவும் தனிக் கணக்கு.

செய்ய வேண்டியது, முதல்ல பெட்டிய மூடுங்க. எடுத்து மடக்கித் தொறந்து பாக்குறது, ட்ரிக்கர இழுத்துப் பாக்குறது, பேரப்பயலுக்குக் காட்டுறது எல்லாம் வேண்டாம். பைக் சீட்டுக்கு அடில வச்சு ஸ்டேஷனுக்குக் கொண்டு போகவும் வேண்டாம், வழில செக்கிங்ல மாட்டுனா நீங்க ஒப்படைக்கத்தான் போனீங்கன்னு யாருக்குத் தெரியும். ஒரு வக்கீல கூட்டிக்கிட்டு கையெழுத்துப் போட்ட மனுவோட ஸ்டேஷனுக்குப் போங்க, இன்ன தேதில வீடு இடிக்கும்போது பரண்ல கெடச்சது, தொடாம வச்சிருக்கோம், வந்து எடுத்துக்கங்கன்னு எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது மனு வாங்குனதுக்கு ஸ்டேஷன்ல குடுக்குற ரசீது வாங்குங்க. அவங்க வந்து மகஜர் (என்ன எடுத்தாங்கன்னு எழுதுற பட்டியல்) போட்டு எடுக்கட்டும், நம்பர் முதற்கொண்டு அதுல வரணும். அதுக்கு முன்னாடி தாத்தாவோட காகிதத்தையெல்லாம் ஒரு அலசு அலசுங்க, பழுப்பு அட்டை போட்ட லைசன்ஸ் புத்தகம் ஒண்ணு கெடச்சா கதை கொஞ்சம் மாறும். திரும்பி வரும்னு எதிர்பாக்காதீங்க. மனுல கடைசியா ஒரு வரி, இத அழிக்காம மியூசியத்துக்குக் குடுத்தா குடும்பத்துக்கு சந்தோஷம்னு சேத்துக்கங்க, கேக்குறதுல தப்பில்ல.

மேலூர்ல இருந்து ஒரு வாசகர்:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடைல ஒரு பிஸ்டல் பாத்தேன். லண்டன் 1850னு போட்டிருக்கு, பித்தளைப் பூண் போட்ட மரப் பிடி. ஆன்டிக்குக்கு லைசன்ஸ் வேணாம் சார்ங்கிறாங்க. வாங்கலாமா?

ஆணியப் பாத்தீங்களா? அதான் முதல்ல பாக்கணும். பிளஸ் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ இருந்துச்சுன்னா வாங்காம வந்துடுங்க, அந்த ஸ்க்ரூ உலகத்துக்கே வந்தது 1930கள்லதான், 1850ல எந்த லண்டன்காரன் அத மாட்டுவான். அடுத்து எழுத்து. பழைய காலத்துல உளி வச்சு வெட்டுன எழுத்து, இல்ல அச்சு வச்சு அடிச்ச எழுத்து, ஓரம் கூரா இருக்கும். வார்ப்புல வந்த எழுத்து சோப்புக் கட்டில இருக்குற மாதிரி மொழுமொழுன்னு இருக்கும், பக்கத்துல குட்டிக் குட்டி குமிழி ஓட்டையும் தெரியும். புதுசா செஞ்சு பழசாக்குன சாமான் அது, ஷோகேஸ்ல வைக்க ஆசைப்பட்டா பித்தளை விலைக்கு வாங்கிக்கங்க, ஆன்டிக் விலைக்கு வாங்காதீங்க.

நெசமாவே பழசா இருந்தா? அப்பத்தான் சிக்கல் ஆரம்பம். கடைக்காரர் சொல்றது பாதி சரி. சட்டத்துல 45வது பிரிவுல பழங்காலத்து ஆயுதத்துக்கு விலக்கு இருக்கு, ஆனா அந்த வரிய முழுசாப் படிக்கணும், ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் துப்பாக்கியா உபயோகிக்க முடியாததா இருக்கணும். ரிப்பேர் பண்ணாலும்ங்கிற வார்த்தைலதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க. ஸ்பிரிங் இல்ல சார், சுடாதுங்குறது பத்தாது, ஸ்பிரிங் போட்டா சுடும்னா அது ஆயுதம். 2020ல விதிய திருத்தி கியூரியோ, அதாவது பழங்கால அபூர்வ சாமான் வகைய வச்சிருக்க இந்தியக் குடிமகனுக்கு லைசன்ஸ் வேணாம்னாங்க, ஆனா எடுத்துக்கிட்டுப் போகவோ உபயோகிக்கவோ வேணும்னுட்டாங்க. அது கியூரியோவா இல்லையான்னு கடைக்காரரும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது, நானும் ஃபோட்டோ பாத்து சொல்ல மாட்டேன். லைசன்ஸ் ஆபீஸ்ல எழுதிக் கேட்டு எழுத்துல பதில் வாங்குங்க. கடைக்காரர்கிட்ட பில்லுல முழு விவரம் எழுதிக் குடுங்கன்னு கேட்டுப் பாருங்க, அவர் மூஞ்சியே பாதி பதில் சொல்லிடும்.

உசிலம்பட்டி வாசகி:
எங்க மாப்பிள்ளை அமெரிக்கால டெக்சாஸ்ல இருக்கார், பழைய ஜெர்மன் லூகர் பிஸ்டல் வாங்கியிருக்காராம். ஊருக்கு வரும்போது கொண்டு வந்து பேரனுக்குக் குடுக்கணும்னு ஆசைப்படுறார். முடியுமாண்ணே?

முடியாதும்மா. ஏர்போர்ட்லயே தீபாவளி ஆயிடும். வெளிநாட்டுத் துப்பாக்கிய தனி ஆள் இறக்குமதி பண்றது நமக்கு 1980கள்லயே நின்னு போச்சு, பெரிய போட்டில ஜெயிச்ச ஷூட்டருங்க மாதிரி சிலருக்குத்தான் வழி. அதுலயும் லூகர் பெரும்பாலும் 9 எம்எம், மேல சொன்ன தடை லிஸ்ட்லயே வந்துடும். அங்க 50 வருஷத்துக்கு மேலான துப்பாக்கிய சேக்குறவங்களுக்குன்னே தனி லைசன்ஸ் இருக்கு, பட்டாளத்துல கழிச்சத டப்பால போட்டு வித்த கடையெல்லாம் இருந்துச்சு. அது அவங்க ஊர் வழக்கம், நம்ம ஊர்ல போலீஸ் கழிச்ச பிஸ்டல் பொதுஜனத்துக்கு ஏலம் விடுற பழக்கம் இல்ல.

ஆனா மாப்பிள்ளை ஏமாந்துட்டாரான்னு இங்க உக்காந்தே பாக்கலாம், அது ஜாலியான வேலை. ஜெர்மன் பட்டாளம் 1908ல எடுத்துக்கிட்டதால அத பி. 08ன்னுவாங்க. சுடும்போது மேல ஒரு மூட்டு முழங்கை மடங்குற மாதிரி மடங்கி எந்திரிக்கும், வேற பிஸ்டல் பெரும்பாலும் அப்படி ஆடாது. அந்தக் காலத்து ஜெர்மன்காரன் ஒவ்வொரு சின்ன பார்ட்டுலயும் சீரியல் நம்பரோட கடைசி ரெண்டு எண்ண குத்தி வச்சிருப்பான், ஏன்னா அந்தப் பார்ட்ட அந்தந்தத் துப்பாக்கிக்கே கையால ராவி பொருத்துனது, வேற துப்பாக்கில போட்டா சரியா உக்காராது. மாப்பிள்ளைகிட்ட வீடியோ கால்ல ஒவ்வொண்ணா காட்டச் சொல்லுங்க, ஃபிரேம்ல 4327ன்னா சின்ன பார்ட்டுல எல்லாம் 27 வரணும். ஒண்ணுல 27, ஒண்ணுல 61ன்னு வந்தா அது நாலு பிஸ்டல ஒண்ணாக்குன கூட்டாஞ்சோறு. சுடுறதுக்கு ஆகலாம், சேக்குறவன் அதுக்குக் குடுக்குற விலை ரொம்பக் கம்மி. பேரன் நம்பர் சரிபாக்குறதுலயே பாதி ஆசை தீந்துடும்.

கொடைக்கானல் ரோடு வாசகர்:
அப்பாவுக்கு 74 வயசு. 1978ல ஒரு எஸ்டேட்காரர்கிட்ட இருந்து முறையா லைசன்ஸ்ல வாங்குன .32 வால்தர் பிபி இருக்கு. என் பேருக்கு மாத்த முடியுமா? எலெக்ஷனுக்கு ஸ்டேஷன்ல குடுத்து வாங்குனதுல துரு பிடிச்சிருச்சு, அம்மா புளி போட்டுத் தேய்க்கலாம்ங்கிறாங்க.

ஐயோ, புளி வேணாம்! முதல்ல அம்மாகிட்ட இருந்து அத காப்பாத்துங்க, மத்தத அப்புறம் பேசலாம்.

பித்தளைக் குடத்துக்குப் புளி சரி. துப்பாக்கி மேல இருக்குற அந்தக் கருநீலம் பெயின்ட் இல்ல, அதுவும் இரும்போட ஆக்சைடுதான், ஒரு வகைல நல்ல துருன்னே சொல்லலாம். புளி, எலுமிச்சை, கடைல விக்கிற துரு எடுக்குற திரவம், எதுவா இருந்தாலும் கெட்ட துருவோட சேத்து அந்த நல்ல துருவையும் தின்னுடும், காலைல பாத்தா உங்க வால்தர் எவர்சில்வர் டம்ளர் மாதிரி நிக்கும். தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊற விட்டு பழைய காட்டன் வேட்டித் துணில தொடைங்க, போகலைன்னா திரும்ப ஊற விடுங்க, அவசரப்படாதீங்க, பாத்திரம் தேய்க்கிற கம்பி பக்கமே போகாதீங்க. தேங்காண்ணெய் வேண்டாம், நாளாக நாளாக கெட்டுப் போயிடும். தோல் உறைல போட்டு பீரோவுல வைக்கிறதும் தப்பு, தோல் பதப்படுத்துன உப்பும் ஈரமும் சேந்து உள்ளுக்குள்ளயே அரிக்கும், நான் பாத்த துருல பாதி உறை குடுத்த துருதான். பட்டர் பேப்பர்ல எண்ணெய் தடவி சுத்தி வைங்க.

இதுல நான் பட்ட கதை ஒண்ணு இருக்கு. கடைல சேந்த ரெண்டாம் வருஷம், ஒரு பெரியவர் இதே வால்தர் பிபி ஒண்ண சர்வீசுக்குக் குடுத்தார், பளபளன்னு இருந்தா சந்தோஷப்படுவார்னு நெனைச்சு நான் முதலாளிகிட்ட கூட கேக்காம முலாம் போடுற ஒரு பட்டறைல குடுத்துட்டேன். அவங்க பஃபிங் சக்கரத்துல வச்சு ஒரு ஓட்டு ஓட்டி நிக்கல் போட்டுத் தந்தாங்க, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பெரியவர் வந்து கைல வாங்கி, ஒரு பக்கமா சாய்ச்சு, லைட்டுக்கு நேரா பிடிச்சு, கட்டைவிரலால ஒரே இடத்த தடவிக்கிட்டே நின்னார். அங்க ஒரு குட்டிக் கழுகும் கீழ சி எழுத்தும் இருந்துச்சாம், ஹிட்லர் காலத்து ஜெர்மன் போலீஸ் வாங்குனதுக்கான முத்திரை. வால்தர் 1929ல இந்த மாடல கொண்டு வந்ததே போலீசுக்குத்தான், பிபின்னாலே போலீஸ் பிஸ்டல்னுதான் அர்த்தம், அந்த சாட்சிய நான் சக்கரத்துல குடுத்து அழிச்சிட்டேன். நல்லவேளை சீரியல் நம்பர் ஆழமா இருந்ததால தப்பிச்சுது, அது அழிஞ்சிருந்தா அதுவே தனிக் குத்தம். அவர் ஒரு வார்த்தை திட்டல. சம்பளத்துல பிடிச்சது முதலாளி.

பேர் மாத்துறது சுலபந்தான். 2016 விதிப்படி லைசன்ஸ்தாரருக்கு 70 வயசு ஆயிட்டாலோ, இல்ல துப்பாக்கி கைக்கு வந்து 25 வருஷம் ஆயிட்டாலோ, எது முன்னாடியோ, அப்பவே வாரிசு பேருக்கு விண்ணப்பிக்கலாம், அப்பாவுக்கு ரெண்டுமே ஆச்சு. .32ங்கிறதால தடை லிஸ்ட்ல வராது, உங்க எல்லைக்குரிய லைசன்ஸ் ஆபீஸ்லயே முடியும். உங்க பேர்ல ஏற்கனவே எத்தனை இருக்குன்னு பாத்துக்கங்க, 2019ல இருந்து ஒருத்தருக்கு ரெண்டுதான், பரம்பரைச் சொத்துன்னு சொன்னாலும் அதே கணக்கு, முன்ன மூணு இருந்துச்சு. அப்பா நல்லா இருக்கும்போதே மாத்திடுங்க. அவருக்கு அப்புறம்னா முதல்ல ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சிட்டுத்தான் விண்ணப்பம் போடணும், அது அலைச்சல்.

அடுத்த எலெக்ஷன்ல ஸ்டேஷனுக்குப் பதிலா டீலர்கிட்ட வைக்க அனுமதி கேளுங்க, வாடகை கொஞ்சம் ஆகும், எண்ணெய் தொடைச்சு வைப்பாங்க. எங்க வச்சாலும் குடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து ரசீதுல நம்பர சரிபாருங்க, ஒரு எண் மாத்தி எழுதிட்டா அத திருத்துறதுக்குள்ள அடுத்த எலெக்ஷனே வந்துடும்.

மதுரை, காலேஜ் மாணவர்:
ஆஷ் துரைய வாஞ்சி சுட்டது எந்தத் துப்பாக்கி? காந்திய சுட்டது?

1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன்ல வாஞ்சிநாதன் கைல இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல். அந்த வருஷத்துக்கு அது ரொம்பப் புது சாமான், பட்டாளத்து ஆபீசருங்களே பெரிய பெரிய ரிவால்வர இடுப்புல தொங்கவிட்டுக்கிட்டு அலைஞ்ச காலத்துல சட்டைப் பைக்குள்ள அடங்குற ஆட்டோமேட்டிக். காந்திய சுட்டது இத்தாலி ராணுவத்துக்காக செஞ்ச பெரெட்டா எம் 1934, சீரியல் நம்பர் 606824. இந்த நம்பர நான் டைரில எழுதி வச்சிருக்கேன், ஏன்னு தெரியல. மேல மாசி வீதில 1921ல சட்டைய கழட்டிப் போட்டு இடுப்பு வேட்டிக்கு மாறுனவரோட ரத்தக் கறை பட்ட துணி தமுக்கம் பக்கத்துல காந்தி மியூசியத்துலதான் இருக்கு, காலேஜ்ல இருந்து நடந்தே போயிடலாம், போய்ப் பாருங்க.

தேனி வாசகர்:
எல்லாத்தையும் வேண்டாம்னா எதத்தான் சேக்குறது?

நியாயமான கோவம். நான் சேக்குறத சொல்றேன். துப்பாக்கி இல்லாத துப்பாக்கி சாமான். தோல் உறை (காலியாத்தான்), லான்யார்ட் கயிறு (பிஸ்டல் கீழ விழாம மாட்டி வைக்கிறது), பித்தளை எண்ணெய்க் குப்பி, பழைய கடைங்களோட கேட்லாக், காலாவதியான லைசன்ஸ் புத்தகம், பட்டாளத்து டிரில் கையேடு. ஒரு எண்ணெய்க் குப்பி மூடிலகூட கோழிக்கால் இருக்கும், வருஷம் இருக்கும். ஆனா சிலிண்டர், பேரல் மாதிரி உதிரி பார்ட்ஸ சேக்காதீங்க, சட்டத்துல அதுவும் ஆயுதம்தான், தோட்டா ஒண்ணே ஒண்ணா இருந்தாலும் வேண்டாம்.

நெசமான பிஸ்டலப் பாக்கணும்னா பஸ் ஏறுங்க. கோயம்புத்தூர்ல பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்துல போலீஸ் மியூசியம் இருக்கு. மெட்ராஸ் எழும்பூர்ல பழைய கமிஷனர் ஆபீஸ 2021ல போலீஸ் மியூசியமா ஆக்கிட்டாங்க. வடக்க போனா அலகாபாத் மியூசியத்துல சந்திரசேகர ஆசாத்தோட கோல்ட் பிஸ்டல். ஒரு சின்ன டார்ச்சும் நோட்டும் எடுத்துட்டுப் போங்க, கண்ணாடிக்கு சாய்வா லைட் அடிச்சா முத்திரை தெரியும், வாட்ச்மேன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா நான் வாங்குன மாதிரி ஏச்சு வாங்குவீங்க.